பஞ்சாரத்துக்குள் ஒரு தவிட்டுக்குருவி

ஊட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு எங்க ஊட்டுல பேச்சுச் சத்தம்னா அது தவிட்டுக்குருவிகளோடதுதான். காலையில பலா மரத்தடிக்குக் கூட்டமா வரும். சருகைப் புரட்டிக்கிட்டே ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். அதுல ஒண்ணு தனியா வந்து நான் பார்த்ததில்லை.

போன வருசம் மொளகு பறிக்கிற சமயம், தக்காளிக்கு விரிச்ச நைலான் வலையில ஒண்ணுக்குக் கால் சிக்கிருச்சு. நூலை அறுத்து எடுத்தேன். கால் வீங்கியிருந்துது, நிக்க முடியாமச் சாஞ்சுது. பூனைக்குப் பயந்து, கோழிக்குஞ்சை மூடி வைக்கிற மூங்கில் பஞ்சாரத்தைக் கவுத்து உள்ளே விட்டேன். சாமைச்சோத்தைக் குழையப் பிசைஞ்சு வெச்சேன். என் கை சாமைச்சோத்தை வேண்டாம்னவங்க எங்க மலையில, இந்த எடப்புளி நாட்டுலயே இல்லை. அது மூக்கைக்கூட வைக்கலை. எனக்குக் கோபமே வந்துருச்சு.

பக்கத்துக் காட்டுக்காரி பார்த்துட்டுச் சிரிச்சா.

"ஏனுங்க அத்தை, குருவிக்குப் பந்தி போடறீங்களா? எனக்கு ஒரு வாய் கூப்பிடலியே!"

"நீ தின்னுட்டுப் போயிருவே. இது தங்குற விருந்தாளி."

"தங்குமாக்கும்! அதோட சொந்தக்காரங்க வந்து நிக்கறாங்க, பாருங்க."

வேலி மேல மொத்தக் கூட்டமும் நின்னு கத்திக்கிட்டு இருந்துது. கொஞ்ச நேரத்துல ஒண்ணு வெட்டுக்கிளியோட இறங்கி வந்து, பஞ்சார இடுக்கு வழியா உள்ளே நீட்டுச்சு. அப்புறம் வேற ஒண்ணு புழுவோட வந்துது. எது தாய், எது பங்காளின்னு எனக்குத் தெரியலை. கால் ஆறுற வரைக்கும் தினமும் ஆளாளுக்கு ஊட்டிவிட்டுதுக. மத்த நேரம் நான் அதுகிட்டப் பேசிக்கிட்டு இருப்பேன். தலையைச் சாய்ச்சுக் கேக்கும்.

வீக்கம் வத்துனதும் திறந்துவிடணுமேன்னு இருந்துது. போயிட்டா மறுபடியும் அடுப்போடதான் பேசணும். ஆனா யாரையும் இருன்னு கெஞ்சுற பழக்கம் எனக்கில்லை. திருப்பூர் போன மகன்கிட்டயே கெஞ்சலை. பஞ்சாரத்தைத் தூக்கினேன். அது போகலை. என் காலடியில கொஞ்ச நேரம் நின்னுது. இருந்துருமோன்னு காலை அசைக்காம நின்னேன். வேலியில இருந்து ஒரு குரல் வந்துது. நொண்டிக்கிட்டே ரெண்டு தத்துத் தத்திப் பறந்துருச்சு.

பொழுது சாய பலாக்கிளையில எல்லாம் தோளோட தோள் இடிச்சு வரிசையா உக்காந்துதுக. இது கடைசியா வந்து ஓரத்துல உக்காந்துது. சேத்துக்குவாங்களோ மாட்டாங்களோன்னு மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். மத்ததுக முதுகு மேல ஏறி நடந்து, நடுவுல நுழைஞ்சுது. வரிசை முணுமுணுத்து நகர்ந்து, மூடிக்கிச்சு.

பனி இறங்குச்சு. எது என்னோடதுன்னு உத்துப் பார்த்தேன். எல்லாம் இறகை உப்பிக்கிட்டு ஒரே சாம்பல் உருண்டையா ஒட்டிக்கிடந்துது. சேலையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, கண்ணுக்குத் தெரியற வரைக்கும் அங்கேயே நின்னேன்.