ஊர்க் குளிரின் மேல் போட்ட பழி

என் மகளுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, ஓசூர்க் குளிரை நான் ஓர் ஆளாகவே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது திட்டுவேன். துணி காயவில்லை என்றால் திட்டுவேன். பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் கேட்கவே வேண்டாம்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். எங்கள் ஊரில் மார்கழி என்றால் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்போம், அவ்வளவுதான். அதனால் இங்கே வாடகைக்கு வந்த முதல் வாரமே நான் வீட்டை அடைக்க ஆரம்பித்தேன். ஜன்னல்களைச் சாத்தினேன். வென்டிலேட்டர் ஓட்டைகளில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினேன். கதவுக்கு அடியில் பழைய சேலையை மடித்து வைத்தேன். மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது வூடா, ஊறுகா ஜாடியா?" என்றார். வீட்டில் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறவர் அவர். மூன்றிலும் கிண்டல் உண்டு.

எனக்கு எப்போதும் காலை ஷிப்ட். என் கணவருக்கு வேறொரு கம்பெனியில் ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று நாங்களே சூப்பர்வைசர்களிடம் கெஞ்சி வாங்கிய ஏற்பாடு இது. இங்கே பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. ஒருவர் கிளம்பிப் போவதற்கும் மற்றவர் வந்து சேர்வதற்கும் நடுவில் ஒன்றரை மணி நேரம் இடிக்கும். அந்த நேரத்துக்கு வீட்டுக்கார அம்மாதான் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பார்.

முதல் தடவை அது வந்தது அவர் இரவு ஷிப்ட் போயிருந்த வாரத்தில். பகலெல்லாம் லேசான சளி, கொஞ்சம் சூடு. விடிவதற்கு வெகுநேரம் முன்பு ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். மாடிப்படிக்குக் கீழே நாய் வந்து படுத்துக் குரைக்கிறது என்று நினைத்தேன். மறுபடி கேட்டபோதுதான் அது என் பக்கத்திலிருந்து வருகிறது என்று புரிந்தது. என் பிள்ளை இருமுகிறாள். இருமி முடித்து மூச்சை இழுக்கும்போது கீச்சென்று ஒரு ஒலி. கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. அழக் குரல் இல்லாமல் வாயை மட்டும் திறந்து என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். தெரிந்தது எல்லாமே தப்பு. போர்வையை இன்னும் இறுக்கிச் சுற்றினேன். தலைக்குக் குல்லா மாட்டினேன். வெந்நீரில் தைலம் விட்டு, அந்த மூடிய அறையில், அவள் முகத்துக்கு அருகில் வைத்தேன். அவள் பயந்து திமிறினாள். இழுப்பு அதிகமானது. அவருக்குப் போன் செய்தேன். கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள் என்பது தெரிந்தும் நான்கு முறை செய்தேன். பிறகு மாடிக்கு ஓடிக் கதவைத் தட்டினேன்.

வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் பிள்ளையை அணைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். பனி முகத்தில் அடித்தது. நான் சால்வையால் அவள் முகத்தை மூடினேன். அவள் பிடுங்கி எறிந்தாள். மூடினேன், பிடுங்கினாள். ஆஸ்பத்திரி வரைக்கும் இந்தச் சண்டைதான். அதில் அவள்தான் ஜெயித்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது கீச்சொலி குறைந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு அங்கிருந்த விளக்குகளை வேடிக்கை பார்த்தாள்.

டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "நல்லாத்தானே இருக்கா?" என்றார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பொய் சொல்லி எழுப்பிவிட்டேன் என்று நினைப்பாரோ என்று. நல்லவேளை, பிள்ளை ஒரு தடவை இருமிக் காட்டினாள். டாக்டர் உடனே தலையாட்டினார். "க்ரூப். வைரஸ்ல வர்றது. தொண்டைக்குக் கீழ மூச்சுக் குழாய் வீங்கிக்கிது, அதான் இந்தச் சத்தம். வீட்ல ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சிருக்கீங்களா?"

"ஐயோ, இல்ல டாக்டர். பேப்பர் வச்சு அடைச்சிருக்கேன்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்காமல் இருந்தது அவருடைய நல்ல குணம். அளந்து ஒரு மருந்து கொடுத்தார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்த்தார். கிளம்பும்போது சொன்னார்: "ஆவி கீவி வேணாம், கைகால்ல சுட்டுக்கப் போறா. ஜன்னலத் தொறந்து, குளுந்த காத்து படுற மாதிரி மடியில நிமித்தி உக்கார வைங்க. முக்கியமா அழ விடாதீங்க. அழுதா இன்னும் இழுக்கும். சும்மா இருக்கும்போதே சத்தம் வந்தாலோ நெஞ்சு உள்ள போனாலோ, யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆனால் குளிர்ந்த காற்று பிள்ளைக்கு நல்லது என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அவர் இந்த ஊர்க்காரர், குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அப்படித்தான் தோன்றும் என்று எனக்குள்ளே தீர்ப்பு எழுதிவிட்டேன். காலையில் வந்த என் கணவரும் அதே தீர்ப்பில் கையெழுத்துப் போட்டார். எங்கள் ஊரில் யாருக்கு இப்படி வந்திருக்கிறது? யாருக்கும் இல்லை. அப்போது குற்றவாளி யார்? குளிர்தான்.

அந்தக் குளிர்காலத்துக்குள் இன்னும் இரண்டு தடவை வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கோவில்பட்டியிலிருந்து என் அக்கா ரயிலேறி வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டு அடுக்குகிற வேலை அவளுக்கு. பிள்ளைகள் இருவரும் பெரியவர்களாகி வெளியூர் போய்விட்டார்கள். வந்தவள் பிள்ளையின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இவள எங்கிட்ட குடுத்துரு. நம்மூரு வெயில்ல ஒரு வருசம் கெடக்கட்டும். எல்லாம் சரியாப் போவும்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் எனக்குக் கை நிற்கிறது. பிள்ளையின் மூச்சை விடப் பெரிதா என் ஆசை என்று எனக்கே பாடம் நடத்திக்கொண்டு, அவளுடைய ஸ்வெட்டர்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பையில் அடுக்கினேன். அங்கே ஸ்வெட்டர் எதற்கு? வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றபடி, "நாங்கெல்லாம் இந்த ஊர்ல புள்ளைங்கள வளக்கலியா?" என்று கேட்டார். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. நான் பையின் வாயைக் கட்டினேன்.

ரயில் போன பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏனென்றால் வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. ஷிப்ட் முடிந்து வருவேன். கதவைத் திறப்பேன். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும். அதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு கரண்டியாவது கட்டிலுக்கு அடியில் போயிருக்கக் கூடாதா? முன்பெல்லாம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாக வருவேன். இப்போது வழியில் நின்று, வாங்கப் போவதில்லை என்று தெரிந்தே கீரைக்காரியிடம் விலை கேட்டேன்.

அவளுடைய ஒரு ஸ்வெட்டரைத் துவைக்காமல் வைத்திருந்தேன். கொஞ்ச நாளில் அதில் என் பீரோ வாசனைதான் வந்தது. சாயங்காலம் வீடியோ காலில் அவளைப் பார்ப்பேன். முதலில் போனுக்குள் கையை விடப் பார்த்தாள். பிறகு பார்த்துச் சிரித்தாள். பிறகு, "அம்மாவப் பாரு, அம்மாவப் பாரு" என்று அக்கா தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. அவள் கன்னம் வைத்திருந்தாள், வெயிலில் கறுத்திருந்தாள், ஒரு தடவைகூட இருமவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஒருநாள் பின்னிரவில் விழித்துக்கொண்டு, அந்த நாய்க் குரல் இருமலாவது பக்கத்தில் கேட்டால் போதும் என்று நினைத்தேன். எந்தத் தாயாவது அப்படி நினைப்பாளா? நான் நினைத்தேன்.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த சமயம். ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால் அக்காவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கூப்பிட்டேன். "ஏட்டி, விடியக்காலத்துல அதே மாதிரி இழுத்துட்டு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். இப்ப நல்லாருக்கா. எப்பிடிட்டி? இங்கதான் அனலா அடிக்கே?" என்றாள். நான் கம்பெனி கேட் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த அடுத்த நொடி எனக்குள் வந்தது கவலை இல்லை. குளிர் செய்யவில்லை, அப்படியானால் அவள் என்னிடம் வரலாம் என்ற நினைப்புதான். செக்யூரிட்டி வந்து தண்ணீர் கொடுத்தார். என் முகத்தில் இருந்தது அழுகையா சிரிப்பா என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

மறுநாளே லீவு போட்டுப் போனேன். அக்காவே பையை அடுக்கினாள். பிள்ளைதான் என்னிடம் வரவில்லை. அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என்னை விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். ரயிலில் தூங்க வைத்துத்தான் கொண்டு வந்தேன். இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். பகலில் சரியாகத்தான் இருந்தாள். என்னிடம் சாப்பிட்டாள், வீட்டுக்கார அம்மாவிடம் தெலுங்கில் ஒன்று, இரண்டு எண்ணப் பழகினாள். நான் செருகிய செய்தித்தாள்களையெல்லாம் நானே ஸ்டூல் போட்டு ஏறிப் பிடுங்கி எறிந்தேன்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், விளக்கேற்றும் நேரத்தில், மறுபடி அந்த இருமல். அவர் மதிய ஷிப்டில் இருந்தார். இந்தத் தடவை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலைத் திறந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தேன். வாசலில் ஓர் ஆட்டோவை நிறுத்தி வைக்கும்படி வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆடிக் காற்று நேராக அவள் முகத்தில் பட்டது. அடங்கிவிடும் என்று நினைத்தேன். எத்தனை மாதம் இந்தக் கனத்துக்கு ஏங்கியிருக்கிறேன், இதோ மடியில் இருக்கிறாள், நான் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்தேன்.

அவள் என் நெஞ்சில் கையை ஊன்றித் தள்ளினாள். "பெரீம்மா" என்றாள். குரல் கட்டிப்போய்ப் பாதிதான் வந்தது. "பெரீம்மாட்ட போணும்." கதவைப் பார்த்து அழ ஆரம்பித்தாள். அழ அழ, மூச்சை இழுக்கும்போது கீச்சொலி கேட்டது. நான் பாட்டுப் பாடினேன். தெருவில் போகும் மாட்டைக் காட்டினேன். "அம்மா இருக்கேன்டா, அம்மா இருக்கேன்டா" என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் அதிகமாக அழுதாள். அவள் அழக் கூடாது. அழ வைப்பது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொண்டும் போனை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீடியோ காலில் அக்கா வந்தாள். போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அக்கா ஒரு பார்வையில் புரிந்துகொண்டாள். பதறவில்லை, என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. வெயிலில் காய்கிற வற்றலைக் காக்கை தூக்கிப் போனதைப் பற்றி, இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலப் பேச ஆரம்பித்தாள். "எந்தக் காக்கா தெரியுமா? அந்த நொண்டிக் காக்காதான். நீ இல்லன்னு அதுக்குத் துளிரு விட்டுப் போச்சு." பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். கீச்சொலி தேய்ந்து, பிறகு இல்லாமலே போனது. இருமல் மட்டும் இடையிடையே வந்தது. கழுத்துக்குழியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. என் நெஞ்சில் ஊன்றியிருந்த கை தளர்ந்து, என் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். நான் ஜன்னல் வழியாக ஆட்டோவைப் போகச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"ஏட்டி, தூங்கிட்டாளா?" அக்கா கிசுகிசுத்தாள்.

"தூங்கிட்டாக்கா."

"வச்சிராத" என்றாள். "கொஞ்ச நேரம் அப்பிடியே காட்டிட்டு இரு. அவ மூச்சு விடுறத நான் பாத்துக்கிடுதேன்."

அந்தச் சின்னத் திரையில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மாதக்கணக்காக நான் எந்த முகத்தோடு அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அந்த முகம். அதை அவளுக்குக் கொடுத்தது நான்தான். கை கடுத்தது. மற்றக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு, சார்ஜ் தீரும்வரை பிள்ளையை அவளுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.