ஒட்டாமல் போன மருந்து

2000-களின் நடுவில் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். தீக்காய வார்டிலிருந்து வரும் சீழிலுள்ள கிருமியை வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குச் சாகும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

ஒரு சித்திரை மாதம் விஸ்வநத்தத்திலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் தீப்பிடித்து மார்பும் இரு கைகளும் வெந்திருந்தன. ஐந்தாம் நாள் அவள் கட்டுத்துணி பச்சையாக மாறியது. கெட்டுப்போன திராட்சை போல ஓர் இனிப்பு வாடை. அந்த வாடை எனக்குப் பழக்கம்தான்.

வளர்த்துப் பார்த்தேன். கிருமிக்கூட்டம் வெண்டைக்காய்ச் சாறு போல வழவழவென்று, தொட்டெடுத்த கம்பியோடு நூலாக எழும்பி வந்தது. எந்த மருந்துக்கும் அசையவில்லை, கொலிஸ்டின் தவிர. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பல வருடம் ஒதுக்கி வைத்திருந்த பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் மதுரையிலிருந்து வரவழைத்தார் டாக்டர்.

அவள் புருஷன் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்பவர். தினமும் காலையில் ஆய்வக ஜன்னலில் வந்து நிற்பார்.

"சார், அந்தக் கிருமி செத்துப்போச்சா?"

"கொறையுதுண்ணே. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க."

உண்மையாகவே குறைந்தது. புண் சிவந்து நல்ல சதை காட்டியது. மூன்றாவது வாரம் மறுபடி சீழ் வந்தது. கிருமி வளர்த்த தட்டைத் திறந்தேன். முன்பு கொலிஸ்டின் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக இருந்த வட்டம் காணாமல் போயிருந்தது. வில்லையின் விளிம்புவரை பச்சை ஏறியிருந்தது. கை தவறியிருக்கும் என்று இரண்டு முறை திரும்பச் செய்தேன். அதேதான்.

மருத்துவக் கல்லூரியில் எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியையைத் தொலைபேசியில் கேட்டேன்.

"அந்த மருந்து ஒரு பெப்டைடு, குட்டிப் புரதம் மாதிரி, நேர்மின்னூட்டம் உள்ளது. கிருமியோட வெளிச்சவ்வு எதிர்மின்னூட்டம். அதனாலதான் போய் ஒட்டிச் சவ்வைக் கிழிக்குது. கிருமி தன் மேற்பரப்பை மாத்திக்கிட்டா ஒட்டுறதுக்கு இடமே இருக்காது." பிறகு இதையும் சொன்னார்: "நம்ம தோலே இந்த மாதிரி பெப்டைடுகளைச் சுரக்குது. அந்தப் பொண்ணுக்குத் தோலும் போச்சு. பரவியிருக்கலாம், மத்த படுக்கைகளையும் பாருங்க."

டாக்டரிடம் சொன்னேன். அவர் கொலிஸ்டினை நிறுத்தினார். செத்த சதையை வெட்டியெடுத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியால் தினமும் கட்டினார். அவள் அலறுவது ஆய்வகம்வரை கேட்கும். மெல்லப் பச்சை வெளுத்தது. தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின, உயிர் தங்கியது.

அதற்குள் வார்டு முழுக்கத் துடைத்தெடுத்த பஞ்சுகளை வளர்த்துப் பார்த்திருந்தேன். கட்டுப் போடும் அறையின் கழுவுதொட்டியின் வடிகால் துளையில் அதே வழவழப்பு இருந்தது. அடுத்த கட்டிலில், முழங்காலுக்குக் கீழே மட்டும் சுட்டுக்கொண்ட ஒரு வயதான வாட்ச்மேனின் புண்ணிலும். தொட்டியைப் பெயர்த்து எடுத்தார்கள். வாட்ச்மேனுக்கு அதற்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. நான்கே நாளில் இறந்துபோனார்.

மனைவியை வீட்டுக்குக் கூட்டிப்போகிற அன்று புருஷன் ஜன்னலுக்கு வந்தார்.

"ரொம்ப நன்றி சார். பக்கத்துக் கட்டில் பெரியவரையும் பாத்துச் சொல்லிட்டுப் போலாம்னு பாத்தேன், காணலையே. வீட்டுக்குப் போயிட்டாகளா? அவருக்குச் சின்னக் காயந்தானே?"

"ஆமாண்ணே, சின்னக் காயந்தான்" என்றேன்.