மாதாவுக்குக் கொடுத்த யானைச் சின்னம்

எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தொன்றில் என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து லீவில் தூத்துக்குடிக்கு வந்திருந்தார். யுத்தம் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் தெருவில், கடலுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்ப, சின்ன வெள்ளிப் படகு வாங்கி மாதா கோயில் உண்டியலில் நேர்ச்சையாகப் போடுவோம். பட்டாளத்துக்காரருக்கு எதைப் போடுவது? அவர் தொப்பியிலிருந்த பித்தளை யானைச் சின்னத்தை அவருக்குத் தெரியாமல் கழற்றிப் போட்டுவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின மாலை அவர் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்.

“ஏளா, தொப்பிச் சின்னத்தப் பாத்தியா?”

“நான் பாக்கலையே. பித்தளைதான, வேற வாங்குனா என்ன?”

“கூறுகெட்டவளே, அது என்ன கடையில விக்கிற ஊக்கா? அந்தக் காலத்துல ஒரு சண்டையில எங்க படை பின்வாங்காம நின்னதுக்குக் குடுத்த யானை அது. செத்தாக்கூட பெட்டி மேல அந்தத் தொப்பியத்தான் வைப்பாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் ஓடிப்போய்க் கேட்டிருந்தால் உண்டியலைத் திறந்து தந்திருப்பார். ஆனால் மாதாவுக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் என் வீட்டுக்காரர் உயிருக்கே ஆகாது என்று பயந்தேன்.

அந்த யுத்தத்திலிருந்து அவர் திரும்பவில்லை. ஒரு பித்தளைத் துண்டுக்காக யாரும் சாவதில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவருக்கு அது எவ்வளவு பெரிது என்று தெரிந்த பிறகும் நான் பேசாமல் இருந்தேன்.

பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதற்கு மறுநாள் காலை, அவர் சின்னம் இல்லாத தொப்பியோடு ரயில் ஏறினார்.