எண்ணெய் குடித்த வேன்

பட்டறைத் தெருவில் அவருக்குப் பெயர் ரிங் மாஸ்டர். சர்க்கஸ் அல்ல, எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறதா என்பதை மூடியைத் திறக்காமல், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பட்டம் வாங்கியவர்கள் கைவிட்ட வண்டியெல்லாம் கடைசியில் அவர் வாசலில்தான் வந்து நிற்கும். சும்மா சொல்லக் கூடாது, கை அப்படிப்பட்ட கை.

சொந்த வேனை மட்டும் அவர் பிரித்ததே இல்லை. வாரம் ஒரு லிட்டர் ஆயில் குறையும். ஊற்றிக்கொள்வார். "எங்கப்பன் குடிச்சான், என் வண்டி குடிக்கக் கூடாதா?" என்று சிரிப்பார். கேஸில் ஓடும் வண்டி. புகைக்குழாயில் வெள்ளைத் துணியை வைத்து எல்லோருக்கும் காட்டுவார். ஒரு கறை இருக்காது.

காலையில் எஞ்சின் சூடேற வேண்டும் என்று, அடுப்படி ஜன்னலை ஒட்டி அதைக் கால்மணி நேரம் ஓடவிடுவார். உள்ளே மனைவி சமைத்துக்கொண்டிருப்பாள். மூன்று வருடமாக அவளுக்கு மூச்சு இளைக்கிறது. இப்போது நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள்.

புகைப் பரிசோதனைக் கூடத்துக்குப் புதுக் கருவி வந்திருந்தது. அவர் வேனைக் கொண்டுபோனபோது, அங்கே வேலை பார்க்கும் பெண் புகைக்குழாயில் அதைச் செருகினாள். கருவி காட்டிய அளவைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை செருகினாள்.

"ஐயா, ஆயில் குறையுதா?"

"வாரம் ஒரு லிட்டர் குடிக்கும்மா. ஆனா தரையில ஒரு சொட்டு ஒழுகாது, பாத்துக்கோ!"

"ஒழுகலன்னா, குடிச்சது எங்க போகுது?"

நாற்பது வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"ரிங் தேஞ்சு போச்சுங்கய்யா. அந்த இடுக்குல ஆயில் மேல ஏறி எரியுது. கேஸ் சுத்தமாத்தான் எரியும். இது ஆயிலோட தூசு, கண்ணுக்கே தெரியாது. துணியில ஒட்டாது, நெஞ்சுல போய் உக்காந்துக்கும்."

'யாருக்கு ரிங் பாடம் எடுக்குற?' என்று கத்த வாயெடுத்தார். அடுப்படி நினைவுக்கு வந்தது. வேனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

மறுநாள் டாக்டரிடம் போய்க் கேட்டார். "அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது" என்றார் டாக்டர்.

வீட்டில் மைத்துனி பிடித்துக்கொண்டாள். "ஜன்னல்கிட்ட நிறுத்தாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன் மாமா?"

"போடி இவளே," என்றாள் மனைவி. பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். "உங்க மாமாவுக்குத் தெரியாத எஞ்சினா? சொல்லுங்களேன் அவகிட்ட."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"தெரியலம்மா," என்றார். "ஊர் வண்டிக்கெல்லாம் காது குடுத்தேன். என் வண்டிக்குக் குடுக்கல."

அவள் அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க கிளம்புற சத்தத்தைக் கேக்கணும்னு, சமையல் முடிஞ்சாலும் அந்த ஜன்னல்கிட்டயேதான் நிப்பேன்."