பெர்சிஸ் தைத்த உறை

கொருக்குப்பேட்டையில் ரயில்வே யார்டை ஒட்டிய அந்தத் தெருவில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் கலீலுல்லாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கேட்காவிட்டாலும் அவராகவே சொல்லிவிடுவார். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லாரிகளை எடை போடும் மேடையில் அவருக்கு வேலை. லாரி ஏறி நின்றதும் திரையில் தெரியும் எடையைப் பார்த்து, ஒரு பொத்தானைத் தட்டி, சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் பல வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனுஷன் என்று தெருவில் அவருக்குப் பெயர் வந்துவிட்டது. தானாக வந்த பெயரை வேண்டாம் என்று தள்ள அவர் என்ன பைத்தியமா?

டீக்கடை வாசலில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லுவார். "லேப்டாப்பா? வாணாம்பா. மடக்கி மடக்கியே கழுத்து ஒடஞ்சிடும். அசெம்பிள் பண்ண பெரிய பொட்டியா வாங்கு, ஆயுசுக்கும் கெடக்கும்." "கேபிள்காரன் குடுக்குற நெட்டா? தூறல் போட்டாலே படுத்துக்கும், பேஜாரு." "அப்டேட்னு கேட்டா அமுக்கவே அமுக்காத. உள்ள பூந்து எல்லாத்தையும் கலீஜ் பண்ணிடும்." இதில் கொஞ்சம் அவரே பட்டுத் தெரிந்துகொண்டது, மிச்சம் காற்றுவாக்கில் காதில் விழுந்தது. எது எது என்பது அவருக்கே மறந்துபோய் நாளாகிவிட்டது.

எதிர் வீட்டு பெர்சிஸுக்கு அவர் சொன்னால் அது வேதவாக்கு. ஸ்டுடியோக்காரர்கள் அனுப்பும் கல்யாணப் படங்களை ஆல்பமாக வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். வீட்டு வாசல் அறைதான் அவள் ஆபீஸ். புருஷன் ஜெபினுக்குத் துறைமுகத்து வேலை போனபிறகு அந்தக் கம்ப்யூட்டர்தான் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஜெபின் சமையலைப் பார்த்துக்கொண்டான். சாயங்காலம் அவள் எழுந்ததும் அதே கம்ப்யூட்டரில் எங்கிருந்தோ இறக்கிய படம் ஒன்றைப் பார்ப்பான். கலீலுல்லா அந்த வீட்டுக்குப் போனால் டீ வரும், டீயோடு ஒரு கேள்வியும் வரும்.

அப்படி ஒருநாள் டீயோடு வந்த கேள்வி தூசியைப் பற்றியது. "பாய், யார்டு தூசி மொத்தமும் இந்தப் பொட்டிக்குள்ளதான் போவுது. இன்னா பண்றது?"

"இது ஒரு மேட்டரா? எங்க எடை மேடைல பறக்காத இரும்புத் தூளா? நாங்க துணி கட்டி வெச்சிருக்கோம். நீயும் ஒரு துணியப் போட்டு மூடிடு தங்கச்சி. ஒண்ணும் ஆவாது."

சொன்னது பொய்யில்லை. எடை மேடையில் துணி கட்டித்தான் இருந்தது. ஆனால் அங்கே பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டையே கழற்றி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து மூடும்வரை ஒரு மேஜை மின்விசிறி அதற்கென்றே சுற்றிக்கொண்டிருக்கும். துணியைத் தினமும் உதறிக் கட்டுவார்கள். இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கலீலுல்லாவுக்குத் தோன்றவே இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

பெர்சிஸ் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். நீலப் பூப் போட்ட துணியை வெட்டி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்து, தலையணை உறை மாதிரி இறுக்கமாகத் தைத்துப் பெட்டிக்கு மாட்டிவிட்டாள். கலீலுல்லா பார்த்துவிட்டு, "சூப்பர்மா, கம்பெனிக்காரனே இப்டி தெக்கமாட்டான்" என்றார்.

ஆவணி முகூர்த்தத்துக்கு வேலை குவிந்து, பகலெல்லாம் அந்தப் பெட்டி ஓயாமல் ஓடியது. ஒருநாள் சாயங்காலம் ஜெபின் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து நின்றுவிட்டது. பெர்சிஸ் ஓடிவந்து கலீலுல்லாவைக் கூட்டிக்கொண்டு போனாள். புருஷனும் பெண்டாட்டியும் திரையையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து பெட்டியின் மேல் கை வைத்தார். கை சுட்டது. அந்தச் சூடு உள்ளங்கையில் ஏறிய நொடியிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எடை மேடையின் மின்விசிறி கண்முன் வந்து நின்றது. உறையை உருவி, சுருட்டி, சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கை தானாகச் செய்துவிட்டது.

"இன்னா ஆச்சு பாய்?"

வாய் மட்டும் சும்மா இருக்குமா? "வைரஸ்மா. கண்ட படத்த எறக்குனா இப்டித்தான்."

பெர்சிஸ் மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். ஜெபின் தலையைக் குனிந்துகொண்டான்.

ரிப்பேர்க் கடைக்காரன் காரணத்தை ஆராயாமல், உள்ளே எல்லாம் போய்விட்டது, ஒன்றையும் மீட்க முடியாது என்று கையை விரித்துவிட்டான். கல்யாணப் படங்களின் பிரதி ஸ்டுடியோவில் இருந்தது. ஆனால் பெர்சிஸ் வருஷக்கணக்காக ஒவ்வொன்றாக வரைந்து சேர்த்த பூக்களும் ஓரங்களும் பக்க வடிவங்களும் திரும்பி வரவில்லை. முகூர்த்த வேலை வேறு ஆளுக்குப் போனது. இனிமேல் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று ஜெபின் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான். மறுவாரமே சாத்தாங்காட்டுக்கு இரும்பு தூக்கும் வேலைக்கு வந்துவிட்டான். கம்பி ஏற்றிய லாரியின் மேல் உட்கார்ந்து எடை மேடைக்கு வருவான். தோளில் துண்டு மடித்துப் போட்டிருப்பான், துண்டுக்கு அடியில் தோல் உரிந்திருக்கும்.

"இன்னா நைனா, இந்த வேல ஒனக்கு ஒத்துக்குதா?" என்று கேட்கும்போது கலீலுல்லாவால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது.

"இன்னா பண்றது பாய். நான் பண்ண தப்பு, நான்தான தூக்கணும்."

அந்தப் பூ உறை கலீலுல்லாவின் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது. தூக்கிப்போட எத்தனையோ குப்பைத்தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்றுவிட்டு வந்தார். டீக்கடையில் யாராவது எந்த நெட் நல்லது என்று கேட்டால் பாதி டீயோடு டம்ளரை வைத்துவிட்டு நடையைக் கட்டுவார். 'சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டாரே தவிர எதிர் வீட்டுப் படி ஏறவில்லை.

ஜெபின் இரும்பு தூக்கிச் சேர்த்த கூலியில் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. வேலை முடிந்து வந்த கலீலுல்லாவைப் பெர்சிஸ் தெருவிலேயே மடக்கிக் கையோடு அழைத்துப் போனாள். ஜெபின் வாசற்படியில் உட்கார்ந்து தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் இருந்த பக்கம் அவன் போகவில்லை. பெர்சிஸ் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டினாள். அதே நீலப் பூத் துணி, அதே எலாஸ்டிக்.

"பழசு ரிப்பேர்க் கடையிலயே போயிடிச்சு போலக்கீது பாய். புதுசு தெச்சுட்டேன். உங்க யோசனதான, உங்க கையாலயே மாட்டி வுடுங்க."

கலீலுல்லா அதை வாங்கினார். பெட்டிவரை போனார். கை எழவில்லை.

"வாணாம்மா."

"ஏன் பாய், டைட்டா கீதா?"

"டைட்டாத்தான் கீது. அதான் தப்பு." பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுத்துத் தரையில் வைத்தார். அடியிலிருந்த பழைய உறையை எடுத்து மேஜைமேல் போட்டார். தூசி அப்பி அதில் பூவே தெரியவில்லை. "இது மூச்சு முட்டித்தான் உன் பொட்டி போச்சு. எங்க மேடைல ஒரு பக்கத்தையே தொறந்துபோட்டு ஃபேன் வெச்சுகினு கீறோம். அத்த நான் உனக்குச் சொல்லல. அன்னிக்கு இத்த உருவி ஒளிச்சதும் நான்தான். ஜெபின் மேல ஒரு தப்பும் இல்ல. வாய் கூசாம பழிய அவன் மேல போட்டேன்."

திட்டட்டும் என்று நின்றார். பெர்சிஸ் அவரைத் திட்டவில்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. வாசற்படிக்குப் போய்ப் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உரிந்த தோளைத் தொடப்போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"நான் அவ்ளோ திட்டுனேன். நான் பண்ணலன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்டிச் சொல்றது?" என்றான் ஜெபின். "பாயே சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாததா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கலீலுல்லாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் டிபன் பாக்ஸை எடுத்து, திறந்து கிடந்த பைக்குள் வைத்தார். கிளம்பப் பார்த்தவரை ஜெபின்தான் உட்காரச் சொன்னான். பெர்சிஸ் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். டீயோடு கேள்வி எதுவும் வரவில்லை.