ஹனுக்கா டோனட்டும் கோபார் கடலும்

துபாயில் ரிவ்காவின் வீட்டில் சமையல் செய்பவள் சுகிர்தராணி. குளச்சல்காரி. யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா வந்துவிட்டால் அந்த வீட்டில் எண்ணெய்ப் பலகாரம்தான். பிள்ளைகளுக்கு ஜாம் வைத்த டோனட் இல்லாமல் பண்டிகையே இல்லை. ஈஸ்ட் போட்டு மாவு பொங்கக் காத்திருப்பதை ரிவ்கா எப்போதோ விட்டுவிட்டாள். மைதாவும் பேக்கிங் பவுடரும் சர்க்கரையும், அதில் தயிரும் முட்டையும். கிண்டி, கரண்டியால் அள்ளி எண்ணெயில் விட்டால் முடிந்தது.

அன்று மாவு கிண்டும்போதே சுகிர்தராணி போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் செல்வசிங் சவூதியில், அல் கோபாரில், விசா கொடுத்த அரபு முதலாளியான கபீலின் விசைப்படகில் மீன் பிடிக்கிறவன். முந்தாநாளே கரை திரும்பியிருக்க வேண்டும். கடலில் காற்று மோசம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் போன் அணைந்தே கிடந்தது.

அந்த வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பது மட்டும் ரிவ்காவின் கை. யூதர் கை பற்றவைத்த அடுப்பில்தான் சமைக்கலாம் என்பது அவர்கள் மத வழக்கம். மற்றதெல்லாம் சுகிர்தராணி பார்த்துக்கொள்வாள். எண்ணெய் காய்ந்து முதல் ஈடு போட்டதும் போன் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். பார்சல்காரன், கேட் எது என்று கேட்டான். திரும்பி வந்தால் உருண்டைகள் எண்ணெய் குடித்து ஊறிக் கிடந்தன.

"மேடம், அடுப்பு..."

ரிவ்கா லேப்டாப்பை விட்டு எழுந்து வந்து பற்றவைத்தாள். இம்முறை சுகிர்தராணி அவசரத்தில் தீயைக் கூட்டிவிட்டதால் மேலே கருகி உள்ளே மாவாகவே இருந்தது. மறுபடி போன், மறுபடி அடுப்பை அணைத்தாள். நாத்தனார் ஷாஜினி, ஊரிலிருந்து.

"மைனி, அண்ணன் விளிச்சாவளா?"

"இல்ல பிள்ள," என்று போனை வைத்தாள்.

மூன்றாம் முறை அடுப்புக்குக் கூப்பிட்டபோது ரிவ்கா அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ன சுகி?"

"வீட்டுக்காரர் போட் இன்னும் வரல மேடம்."

"காலையிலேயே சொல்லக்கூடாதா? நீ போய் உட்காரு. நான் சுடுறேன்."

"உட்காந்தா உயிரு போயிரும் மேடம். கையில வேல வேணும்."

"அப்போ போனை என்கிட்ட கொடு. நீ எண்ணெயைப் பாரு."

மிதமான தீயில் உருண்டைகள் தாமாகவே புரண்டு பொன்னிறமாயின. எடுத்ததும் அடுத்த ஈடு, அதற்கடுத்தது. தட்டுகள் நிறைந்தும் அவள் நிறுத்தவில்லை. மறுபடி மாவு கிண்டினாள். ரிவ்கா தடுக்கவில்லை.

பிள்ளைகள் விளக்கேற்றக் கூடிய நேரத்தில் போன் அடித்தது. எடுத்த ரிவ்கா, யாரென்று தெரியாமல் ஸ்பீக்கரில் போட்டாள். கோபார் துறைமுகத்தில் கடை வைத்திருக்கும் செய்கு அலாவுதீன்.

"யம்மா, போட்டு வந்துட்டு. இன்ஜின் நின்னுபோச்சாம், வேற போட்டு கட்டி இழுத்து வந்துச்சு. உங்க ஆளு இந்தா நிக்காரு."

"ஏ பிள்ள, பேடிக்காத," என்றான் செல்வசிங். "எனக்கு ஒண்ணுமில்ல. போன் கடல்ல போச்சு."

"இனி கடலுக்குப் போவண்டாம். கேட்டியளா?"

"பெறவு பேசுதேன்," என்று வைத்துவிட்டான்.

அதன்பிறகுதான் அவள் டோனட்டுகளில் ஜாம் வைக்க உட்கார்ந்தாள். ஜாம் உள்ளே போகாமல் மேலெல்லாம் வழிந்தது. ரிவ்காவின் சின்ன மகள், "இப்படித்தான் நல்லாருக்கு," என்று நக்கித் தின்றாள். சுகிர்தராணியும் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். இனிப்பே தெரியவில்லை.

இன்ஜின் சரியானதும் செல்வசிங் மறுபடி கடலுக்குப் போனான். போகும்முன் சொல்லிவிட்டுத்தான் போனான். அவளும் சரி என்றுதான் சொன்னாள்.