நான்காவது எழுத்தும் ஐந்தாவது படமும்

2025ஆம் ஆண்டு மே மாதம் பதின்மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு முகுந்தன் தம் வீட்டு வாசலில் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸில் நான்காவது மாடி வீடு அது. எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவருடைய ஏழு வயது மகள் தாமரை பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுல்ல ஆன்டி. நீங்களே செஞ்சு குடுத்துருங்களேன்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு செய்வோம்லா," என்றார் எதிர்வீட்டுப் புனிதா.

சாவி கையில் கிடைத்த பிறகும் முகுந்தன் கதவைத் திறக்கவில்லை. குழந்தை சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஒன்பது வயதில் விழித்திரை நோய் தொடங்கி, பதினான்கு வயதில் அவருக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. அப்போது அவர் கிள்ளானில் இருந்தார். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். 1998இல் முகுந்தன் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து ஆறு மாதம் மசாஜ் பயிற்சி எடுத்தார். அன்றிலிருந்து ஒரே கடை, பதினேழு படி ஏறினால் நான்கு கட்டில், அதில் ஜன்னலோரக் கட்டில் அவருடையது. வாடிக்கையாளர் குரல் கொடுப்பதற்கு முன்பே தோளைத் தொட்டு ஆளைச் சொல்லிவிடுவார். 2014இல் சீதாலெட்சுமியை மணந்தார். சீதாலெட்சுமிக்குப் பார்வை உண்டு. அதனால் பள்ளிக்கூட விஷயம் எல்லாம் அவள் கையில் இருந்தது. அவருக்கு அதில் வேலை வந்ததில்லை.

இப்போது வந்துவிட்டது. முட்டி அறுவை செய்துகொண்ட தன் தாயாரைப் பார்த்துக்கொள்ள, மே எட்டாம் தேதி சீதாலெட்சுமி கிள்ளானுக்குப் போயிருந்தாள். திரும்பி வருவது இருபத்தைந்தாம் தேதி. பள்ளி விட்டதும் புனிதா தாமரையை அழைத்து வந்து, முகுந்தன் வரும்வரை வைத்துக்கொண்டார்.

செய்யவேண்டியது என்ன என்பதையும் அவர் அறிவார். முதலாம் ஆண்டு வகுப்பாசிரியை ரோகிணி டீச்சர், பெற்றோர் குழுவில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். ஒவ்வொரு பிள்ளையும் அம்மாவோடோ அப்பாவோடோ சேர்ந்து ஒரு பரிசைக் கையால் செய்து கொண்டுவர வேண்டும். கடையில் வாங்கக்கூடாது. யாரோடு செய்தாய், நீ எதைச் செய்தாய் என்று வகுப்பில் கேட்பார்.

ஒரு பரிசு எதிர்வீட்டில் செய்யப்பட்டால் குடி முழுகிவிடாது. ஆனால் இந்தப் பரிசு எதிர்வீட்டுக்குப் போனால் அடுத்த வாரம் வரைபடம் போகும், அதற்கடுத்து விளையாட்டு விழா உடுப்பு போகும். மகள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பாள். அவரிடம் வருவது சாப்பாடும் தூக்கமும் மட்டுமாக இருக்கும். இது முகுந்தனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த நான்கு நாளில் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

தம் கதவைத் திறந்துவிட்டு எதிர்வீட்டுப் பக்கம் திரும்பி, "தாமரை, நாளைக்கு அப்பாவுக்கு லீவு. நாமளே செய்வோம்," என்றார்.



"எப்படிப்பா?" என்றாள் தாமரை.

அவருக்கும் அது தெரியாது.

கிள்ளானிலிருந்து சீதாலெட்சுமி இணையப் பக்கம் ஒன்றை அனுப்பிவைத்தாள். குழந்தைகள் பெற்றோருடன் செய்ய எளிய பரிசுகள், மொத்தம் பன்னிரண்டு. ஆங்கிலத்தில் இருந்தது. முகுந்தனின் கைப்பேசி எழுத்தை வாசித்துக்காட்டும், படத்தை வாசிக்காது. தாமரைக்குப் படம் தெரியும். ஆங்கிலம் இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையில்தான். புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இருவரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். பால்மாவு டின் ஒன்று, வண்ணத்தாள் நான்கு, ஐஸ்கிரீம் குச்சி இருபது, பசை, கத்தரிக்கோல், நூல், துணிக் கிளிப் ஆறு என்று எல்லாவற்றையும் முகுந்தன் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்துக்கொண்டார்.

நான்காவது பரிசைத் தேர்ந்தெடுத்தார்கள். பேனா வைக்கும் டின். அதைப் போல எளிது வேறில்லை என்று கைப்பேசியே சொன்னது.

"காலி டின்னைக் கழுவித் துடைத்து வைக்கவும். படத்தில் உள்ளதைப் போல," என்று தமிழில் மாற்றிச் சொன்னார் முகுந்தன். "இந்த எழுத்துக்குக் கீழ படம் இருக்கா?"

"இருக்கு."

"டின் எப்படி நிக்குது?"

"டின் இல்லப்பா."

"இல்லையா?"

"கிளிப் இருக்கு. நம்ம துணி காயப்போடுற கிளிப்."

முகுந்தன் யோசித்தார். டின்னுக்கான பாடத்தில் டின் இல்லாமல் போகுமா? தாளைச் சுற்றி மறைத்திருப்பார்கள். "உள்ள இருக்கும்டா. பேப்பர் மூடியிருக்கும். அடுத்தது. வண்ணத்தாளை டின்னின் உயரத்துக்கு வெட்டிச் சுற்றி ஒட்டவும். படத்தில் உள்ளதைப் போல. பேப்பர் எப்படிச் சுத்தியிருக்கு?"

"சுத்தலப்பா. நடுவுல கிளிப் கவ்விக்கிட்டு இருக்கு. ரெண்டு பக்கமும் விரிஞ்சிருக்கு."

"என்ன கலர்?"

"மஞ்சள். புள்ளி எல்லாம் இருக்கு."

மஞ்சள் அவருக்கு நினைவிருந்தது. சுற்றாமல் விரிந்த தாளை டின்னின்மேல் எப்படி நிறுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. டின்னைக் கையில் எடுத்து மூன்று முறை உருட்டிப் பார்த்தார்.

"தாமரை, நீ சரியாத்தான் பாக்குறியா?"

"நான் சரியாத்தான் பாக்குறேன். நீங்க சரியாக் கேக்குறீங்களா?"

"எனக்குக் காதுல என்ன குறை?"

"அந்த ஹேன்போனுக்குத்தான் மண்டையில குறை!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் வேலை நகரவில்லை. கடைசியில் முகுந்தன் ஒரு முடிவுக்கு வந்தார். எழுத்தில் உள்ளதையும் விட வேண்டாம், படத்தில் உள்ளதையும் விட வேண்டாம். சிவப்புத் தாளை டின்னில் சுற்றினார்கள். மஞ்சள் தாளை விசிறி மடிப்பாக மடித்து, நடுவில் கிளிப் போட்டு, கிளிப்பை டின்னின் விளிம்பில் மாட்டினார்கள். தாமரை கறுப்பு மையில் புள்ளி வைத்தாள். ஒரு பக்கம் எட்டு, மறு பக்கம் ஏழு. இடம் போதவில்லை என்றாள்.

"குச்சிகளை டின்னைச் சுற்றி நெருக்கமாக ஒட்டவும். படத்துல எத்தனை குச்சி?"

"ரெண்டே ரெண்டு. மெல்லிசா, மேல சுருண்டு நிக்குது."

"குச்சி எப்படிச் சுருளும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? சுருண்டிருக்குன்னா சுருண்டிருக்கு."

பதினெட்டு குச்சியை நெருக்கமாக ஒட்டினார்கள். இரண்டை மேலே நீட்டி, நுனியில் நூலைச் சுருட்டி வைத்தாள் தாமரை. பசை காயாமல் குச்சி நழுவிய இடத்தில் எல்லாம் முகுந்தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கை அழுத்தம் அவருக்குத் தெரிந்த வேலை. பதினெட்டும் நேராக நின்றன.

"இனி பேனாக்களைப் போட்டு மேசையில் வைக்கவும். படத்துல மேசை இருக்கா?"

"மேசை இல்லப்பா. ஜன்னல்ல தொங்குது."

"பேனாவா?"

"எல்லாமே."

தொங்கவிட்டார்கள். டின் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆறு பேனாவும் தரையில் கொட்டின. தாமரை பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே, "இது என்னதுப்பா?" என்று கேட்டாள். முகுந்தன் அதை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். டின், தாள், குச்சி, கிளிப், சிறகு மாதிரி ஏதோ ஒன்று, மேலே இரண்டு கொம்பு.

மாலை ஏழு மணிக்குச் சீதாலெட்சுமி காணொளியில் அழைத்தாள். தாமரை பரிசைத் தூக்கிக் காட்டினாள். அங்கிருந்து சிரிப்புத்தான் வந்தது.

"எந்தப் படத்த பாத்து செஞ்சீங்க? இருங்க, நானும் அந்தப் பக்கத்த தெறக்குறேன்..." அரை நிமிடம் கழித்து, "ஐயோ, என்னங்க! அதுல படம் மேல இருக்கு, எழுத்து கீழ இருக்கு. நீங்க நாலாவது எழுத்த வாசிச்சு அதுக்குக் கீழ உள்ள படத்த பாத்திருக்கீங்க. அது அஞ்சாவது. ஜன்னல்ல கட்டுற பட்டாம்பூச்சி!"

முகுந்தனுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவர் டின் செய்திருக்கிறார். மகள் பட்டாம்பூச்சி செய்திருக்கிறாள். நான்கு மணி நேரம் ஒரே தரையில் உட்கார்ந்து, ஒரே பொருளில்.

சிரிப்புச் சத்தம் கேட்டுப் புனிதா எட்டிப் பார்த்தார். பரிசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது போலிருந்தது. "நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்றார், அவசரமாக. "ஆனா வகுப்புல பிள்ளைங்க சிரிச்சிடும்லா. நாளைக்கு நான் பத்து நிமிஷத்துல ஒண்ணு செஞ்சு வச்சிடுறேன். எதுக்கும் இருக்கட்டும்."

தாமரை மறுத்துப் பேசவில்லை. முகுந்தன் அதைக் கவனித்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குப் பள்ளிப்பை வாசலில் இருந்தது. தண்ணீர்ப் புட்டியை வைக்கக் கையை விட்டபோது இரண்டு பொருள் தட்டுப்பட்டன. ஒன்று அவர்களுடையது. மற்றொன்று மொட்டாக மடித்த தாள் ரோஜா, அடியில் வழவழப்பான அட்டை, மேலே மினுக்குத் தூளின் சொரசொரப்பு. விரலுக்கே அழகாக இருந்தது. எதைக் கொடுக்கப்போகிறாய் என்று கேட்க வாயெடுத்தார். கேட்டால் பிள்ளை அவர் மனம் கோணாதபடிதான் பதில் சொல்லும். கேட்காமல் பையின் ஜிப்பை மூடினார்.

அன்று கடையில் அவர் ஒரே முதுகை இரண்டு முறை பிடித்துவிட்டார். வாடிக்கையாளர் தூங்கிப்போயிருந்தார்.

ஆறு பதினைந்துக்கு வீட்டுக்கு வந்து முதலில் பையைத் தொட்டார். ரோஜா இல்லை. டின் அப்படியே இருந்தது.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"தேங்க்யூ சொன்னாங்க."

"இத குடுக்கலையா?"

"குடுக்கல."

"ஏன்?"

"சும்மாதான்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

சரி, முடிந்தது என்று முகுந்தன் நினைத்தார். சோறு போட்டார். மகள் வழக்கம் போலச் சாப்பிட்டாள், வழக்கத்தைவிடக் கூடப் பேசினாள். அதுவும் அவருக்குப் புரியவில்லை. ஏழரை மணிக்கு ரோகிணி டீச்சரின் குரல் செய்தி வந்தது.

"சார், வணக்கம். இன்னைக்கு உங்க மக ஒரு டின் கொண்டுவந்தா. அரை மணி நேரம் வகுப்பே அது என்னன்னு கண்டுபிடிக்கப் பாத்துச்சு. ஒருத்தன் ராக்கெட்டுங்கிறான், ஒருத்தி கோழிங்கிறா. யாரோட செஞ்சேன்னு கேட்டேன். 'அப்பா வாசிச்சாங்க, நான் பாத்தேன், ரெண்டு பேரும் தப்பா செஞ்சோம்'னு சொன்னா. நான் அந்த டின்னத்தான் எனக்குக் குடுன்னு கேட்டேன் சார். குடுக்க மாட்டேன்னுட்டா. ஒரு ரோஜாவ குடுத்துட்டு, இது ஆன்டி செஞ்சது, நீங்க வச்சிக்குங்கன்னு சொல்றா. எனக்கு ஒண்ணும் புரியல சார்."

முகுந்தன் அதை மூன்று முறை கேட்டார். கேட்கக் கேட்கக் குழப்பம் கூடியது. வெட்கப்பட்டிருந்தால் வகுப்பில் எடுத்துக் காட்டியிருக்க மாட்டாள். பெருமையாக இருந்திருந்தால் கொடுத்திருப்பாள். பெருமைப்பட்டதால்தான் கொடுக்கவில்லையா? ஏழு வயதுப் பிள்ளை அப்படியெல்லாம் நினைக்குமா? சீதாலெட்சுமியிடம் கேட்டார். "அவகிட்டயே கேளுங்க," என்றாள். அவர் கேட்கவில்லை. கேட்டுக் கெடுத்துவிடுவோமோ என்றிருந்தது.

எட்டு நாள் கழிந்தது. மே இருபத்து நான்கு, சனிக்கிழமை. மறுநாள் சீதாலெட்சுமி வருகிறாள். அம்மாவுக்கு ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று தாமரை காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் முன்பதிவு செய்திருந்ததால் முகுந்தன் சட்டையை மாற்றிக்கொண்டிருந்தார். மணி மூன்று ஐந்து.

"அப்பா, நான் ஆன்டி வீட்டுக்குப் போறேன். மினுக்குத் தூள் எல்லாம் அங்கதான் இருக்கு."

"போயிட்டு வா," என்றார். வேறென்ன சொல்வது? அவள் கையில் வண்ணத்தாள் சரசரத்தது. செருப்புச் சத்தம் எதிர்வீட்டுக்குள் போய் அடங்கியது. கதவும் சாத்திக்கொண்டது. முகுந்தன் பித்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டு, கழற்றி மறுபடி போட்டார்.

மூன்று பதினாறுக்கு அந்தக் கதவு திறந்தது. தாமரை உள்ளே வந்து, கொண்டுபோன தாள்களை அவர் மடிமேல் வைத்தாள்.

"அதுக்குள்ளயா? செஞ்சாச்சா?"

"ஆன்டி செஞ்சிக்கிட்டு இருக்காங்க."

"நீ ஏன் வந்துட்ட?"

"அவங்க எதுவுமே கேக்க மாட்டேங்கிறாங்கப்பா. எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கிறாங்க. என்னைய சும்மா உக்காருன்னு சொல்றாங்க." தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டாள். "நீங்க வாசிங்க."

முகுந்தன் கைப்பேசியை எடுத்தார். முதலில் கடைக்குத்தான் அழைத்தார். எடுத்தவர் பக்கத்துக் கட்டில் தங்கராஜ்.

"தங்கராஜ் அண்ணே, நாலு மணி ஆளு வந்தா அரை மணி நேரம் உக்கார வச்சிருங்க."

"என்னப்பா இது, இத்தன வருஷத்துல நீ லேட்டா வந்ததே இல்லியே! உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலை ஒண்ணு செஞ்சிக்கிட்டு இருக்கேன்."

"என்ன வேலை?"

முகுந்தன் மகள் பக்கம் திரும்பினார். அவள் எதையோ ஏற்கெனவே வெட்டத் தொடங்கியிருந்தாள்.

"தெரியலண்ணே," என்றார். "முடிஞ்சாத்தான் தெரியும்."

அன்று அவர் கடைப்படி ஏறியது நான்கு ஐம்பத்தைந்துக்கு.